பத்தில் ஒன்று

வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கும்போது
ரோஸ், பச்சை, ஊதா என்று
சாயத்தில் முக்கியெடுத்த குஞ்சுகள்.
பத்தில் ஆறு தங்கின. ஆறும் பெட்டை, என் அதிர்ஷ்டம்.
இறகு முளைக்க முளைக்கச் சாயம் போய்
இப்போது எல்லாம் ஒரே வெள்ளை.
பெயர் மட்டும் போகவில்லை.
பச்சை என்று கூப்பிட்டால்
பச்சைதான் திரும்பிப் பார்க்கும்.

சொஹார் துறைமுகச் சாலை, நாலாம் நம்பர் கேம்ப்.
மெஸ்ஸுக்குப் பின்னால்
கேஸ் சிலிண்டர்க் கூண்டுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே
ஏசி வந்திறங்கிய மரப்பெட்டிதான் வீடு.
மேலே நனைத்த சாக்கு.
இருநூற்றுப் பத்துப் பேருக்குச் சமைக்கிறவன் நான்.
காலை பத்து மணிக்கு
பிரேசில் கோழிகளை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்து
ஐஸ் தட்டும்போது
பின்கதவைச் சாத்திவிடுவேன்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை.

ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது.
தின்கிறதே என்று எல்லாம் போட்டேன்:
மீந்த சோறு, காய்ந்த குபூஸ், பிரியாணி அடி.
ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்களும் போட்டார்கள்.
முஜிபுர் கடற்கரையிலிருந்து கருவாட்டு மத்தி அள்ளிவந்தான்,
ஒட்டகத்துக்குப் போடுவார்களே, அது.
ஒரு வாரம் முட்டையெல்லாம் மீன் வாடை.
ஊதா தொந்தி வைத்து நடந்தது.
ரோஸ் ஓடே இல்லாமல் ஒரு முட்டை இட்டது.
கையில் எடுத்தேன், சூடாக, மெத்தென்று,
விரல் பட்ட இடமெல்லாம் குழிந்தது.
அதை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.

தீவனக்கடை இத்ரீஸ் சூடான்காரர்.
அவருக்குத் தமிழ் இல்லை, எனக்கு அரபி அரைகுறை.
பத்து விரலையும் விரித்துக் காட்டினார்.
ஒன்பதை மடக்கி மூட்டையைத் தொட்டார்,
முட்டைக்கோழித் தீவனம்.
மிச்சமிருந்த சுண்டுவிரலை ஆட்டினார்:
சோறு, பழம், மீன், உன் பாசம்
எல்லாம் இதற்குள்ளே,
என்றுதான் நான் புரிந்துகொண்டேன்.

அதன்பிறகு ஒரு ஒழுங்கு.
பால்பவுடர் டப்பாவில் ஆணியால் கோடு கீறி, அதுவரை தீவனம்.
தனிக் கிண்ணத்தில் சிப்பி ஓடு,
கழுவிக் காயவைத்துச் சுத்தியலால் பொடித்தது.
வேண்டிய அன்று வேண்டிய மட்டும் கொத்திக்கொள்ளும்.
இரைப்பையில் அரைக்கப் பொடிக்கல், அதற்கு இங்கே பஞ்சமா?
இங்கே கத் என்கிறார்களே, குதிரைமசால்,
அதில் ஒரு கொத்து கம்பியில் தலைகீழாக.
எட்டிக் குதித்துத் தின்றதில் ஊதாவுக்குத் தொந்தி கரைந்தது.

வெள்ளிக்கிழமை மதியம், நாற்பத்தாறு டிகிரி,
குளிரவைத்த தர்பூசணியில் பாதி.
பத்து நிமிஷம் ஒரு சத்தம் இருக்காது, கொத்தும் சத்தம் தவிர.
தோல் மட்டும் மிஞ்சும், ஓட்டைப் படகு மாதிரி.
ஆறு அலகும் சிவப்பு.
அன்று மட்டும் சாயம் திரும்பி வந்ததுபோல.

சுவரில் ஐந்து மொழியில் எழுதி ஒட்டினேன்:
கோழிகளுக்குச் சோறு போடாதீர்கள்.
நேபாளி வரியை எழுதிக் கொடுத்தவன் லோக் பகதூர்.

போன செவ்வாய் விடியற்காலை,
இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த அதே லோக் பகதூர்
அதே காகிதத்தின் கீழே குத்துக்காலிட்டு
தன் தட்டிலிருந்து சோறு போட்டுக்கொண்டிருந்தான்,
ஒவ்வொரு பருக்கையாக.
அவனுடைய லீவு மறுபடி தள்ளிப்போனது
முந்தின நாளே மெஸ் முழுக்கத் தெரியும்.
பச்சை அவன் பூட்ஸ்மேல் ஏறி நின்றது.
அதனிடம் அவன் மொழியில் ஏதோ நீளமாகச் சொன்னான்.
அது தலையைச் சாய்த்துக் கேட்டது,
அல்லது அடுத்த பருக்கையைப் பார்த்தது.

நான் பின்கதவில் கரண்டியோடு நின்றேன்.
கூப்பிடவில்லை.
சாயங்காலம் அந்த டப்பாவைக்
கோட்டுக்கு ஒரு விரல் கீழே நிரப்பினேன்.